பென்ஷன் பெற்றவரும் பிரேத விசாரணையும்

துப்பறியும் நாவல்களில் ஓய்வு பெற்ற மனிதர் தோன்றுவது புதிதன்று. ஸஸெக்ஸ் கிராமத்தில் தேனீ வளர்த்துக்கொண்டு காலங்கழிக்கப் போன ஷெர்லக் ஹோம்ஸையும் ஒரு கடற்கரை மரணம் தேடி வந்தது. 1926-ல் வெளியான ரோஜர் அக்ராய்டு கதையில், பூசணி வகைக் காய்களைப் பயிரிட்டுச் சும்மா இருக்க எண்ணிய துப்பறியும் நிபுணர் பொய்ரோவை அந்த ஊர்க் கொலை சும்மா இருக்க விடவில்லை. ஆனால் இவர்களுடைய ஓய்வு, நாடகத்தின் இடைவேளையைப் போல, மறுபடி திரை உயர்வதற்காகவே ஏற்பட்டது. இங்கே நாம் கவனிக்கப் புகுவது வேறொரு ஜாதி: அரசாங்கத்தின் ரகசிய இலாகாவொன்றில் ஆயுளின் பெரும்பகுதியைக் காகிதக் கட்டுகளைப் படித்து அபிப்பிராயம் எழுதியே கழித்துவிட்டு, உபகாரச் சம்பளத்தோடு வீடு திரும்பிய பிறகு, விருப்பமில்லாமலே ஒரு கொலையின் நடுவில் போய் நிற்கும் உத்தியோகஸ்தர்.

இந்த ஜாதிக்கு இலக்கிய அந்தஸ்தைத் தேடித் தந்தவர், ஜான் லெ காரே என்ற புனைபெயரில் எழுதிய டேவிட் கார்ன்வெல் (1931–2020). பிரிட்டிஷ் உளவு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஆபீஸுக்குப் போகும் ரயிலில் சிறு நோட்டுப் புத்தகங்களில் அவர் எழுதிய முதல் நாவலாகிய 'கால் ஃபார் த டெட்' 1961-ல் வெளிவந்தது. அதன் நாயகர் ஜார்ஜ் ஸ்மைலி, குட்டையாய், பருத்தவராய், பொருந்தாத உடை அணிந்தவராய், பழைய ஜெர்மானியக் கவிகளில் ஈடுபாடுள்ளவராய், எவர் கண்ணிலும் நில்லாத மனிதராய்ச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறார். தமக்கு ஆசிரியராயிருந்த விவியன் கிரீன் என்ற பாதிரியாரையும், தாமே துப்பறியும் கதைகள் எழுதிவந்த ஜான் பிங்ஹாம் என்ற சக உத்தியோகஸ்தரையும் கலந்தே இவரை உருவாக்கியதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

அந்த முதல் நாவலில் ஒரு காலை நேரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு இலாகாவைச் சேர்ந்த ஃபென்னன் என்பவர், விசுவாசத்தில் சந்தேகங்கொண்டு தம்மை விசாரித்ததால் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டதாகக் கடிதம் எழுதிவைத்து இறந்துகிடக்கிறார், விசாரித்தவர் ஸ்மைலியே. மறுநாள் துக்க வீட்டுக்குப் போய் விதவையோடு பேசிக்கொண்டிருக்கையில் டெலிபோன் மணி அடிக்கிறது. தமக்குத்தான் என்று எண்ணி ஸ்மைலி எடுத்தால், எக்ஸ்சேஞ்சுப் பெண் எட்டரை மணிக்கு எழுப்பச் சொன்னீர்களே என்கிறாள். அப்படிச் சொல்லிவைத்தவர் முந்தின நாள் மாலை வரை உயிரோடிருந்த ஃபென்னனே என்று பிறகு தெரியவருகிறது. இரவே சாகத் தீர்மானித்தவன் காலையில் தன்னை எழுப்பச் சொல்லுவானா? துப்பாக்கியோ ரத்தக் கறையோ சொல்லாத உண்மையை, கணக்குப் பிள்ளை தொகையில் ஒரு பைசா உதைப்பதைக் கண்டுகொள்வதைப் போல, ஒரு டெலிபோன் மணியிலிருந்து ஸ்மைலி கண்டுகொள்கிறார். மேலதிகாரிக்கோ அது தற்கொலையாகவே இருந்துவிட வேண்டும். ஸ்மைலி ராஜிநாமாக் கடிதம் எழுதுகிறார். உண்மையான விசாரணை அதற்குப் பின்னரே ஆரம்பமாகிறது. அவருக்குத் துணை நிற்கும் மெண்டல் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஓய்வு பெறும் தறுவாயில் இருப்பவரே. அவரும் தேனீ வளர்ப்பவர் என்பது ஹோம்ஸுக்கு ஆசிரியர் செய்த மரியாதை என்று கருத இடமுண்டு.

அடுத்த ஆண்டு வந்த 'எ மர்டர் ஆஃப் குவாலிட்டி', கார்ன் என்ற பணக்காரப் பள்ளிக்கூடத்தில் நடந்த கொலையைப் பற்றியது. ஈட்டன் பள்ளியில் சில காலம் ஆசிரியராயிருந்தவரின் கசப்பு அதில் நன்றாக இறங்கியிருக்கிறது. துப்பறியும் கதை என்ற அளவில் அது சுமாரான படைப்பே.

இவ்வகையின் சிகரம் 1979-ஆம் ஆண்டின் 'ஸ்மைலீஸ் பீப்பிள்'. லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் வெளியில், நாடிழந்து வந்த எஸ்தோனியக் கிழவரான ஜெனரல் விளாதிமிர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். இறப்பதற்கு முன் பழைய இலாகாவுக்கு டெலிபோன் செய்து, ஸ்மைலியின் பழைய மறைபெயரைச் சொல்லி, அவரோடுதான் பேசுவேன் என்று மன்றாடியிருக்கிறார். புதிய தலைமுறை அவரைப் பிதற்றும் கிழவராக மதித்து ஒதுக்கிவிட்டது. ஓய்விலிருந்த ஸ்மைலியை நள்ளிரவில் வரவழைக்கும் மேலிடத்தார், கொலையாளி யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. ஓசைப்படாமல் மூடிவிடவே சொல்லுகிறார்கள். அவரோ கிழவரின் கைத்தடி மண்ணில் பதித்த குழிகளைப் பார்க்கிறார். ஓரிடம் வரை ஒரு பக்கமாக விழுந்த தடம், அதற்கப்பால் மறுபக்கத்துக்கு மாறுகிறது. கையை ஏன் மாற்றினார்? எதையோ ஒளிக்க ஒரு கை வேண்டியிருந்தது. ஒரு மரத்தில் ஒளித்துவைத்த சிகரெட் பெட்டியும், அதனுள் போட்டோ நெகட்டிவும் பிற்பாடு கிடைக்கின்றன.

இத்தகைய மனிதரின் தயக்கத்தைச் சோம்பல் என்றோ முதுமை என்றோ விமரிசகர்கள் எழுதுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இலாகா தம்மிடம் வேண்டுவது உண்மையை அல்ல, முடித்துவைத்த ஃபைலையே என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், அதனால்தான் தயங்குகிறார். பதவி போனபின் அவரைத் தடுக்கவும் ஆளில்லை, காக்கவும் ஆளில்லை.

இந்தச் சாயலைப் பிறர் கதைகளிலும் காணலாம். அர்ஜெண்டினாவின் எடுவார்தோ சாச்சேரி 2005-ல் எழுதிய நாவலில் ஓய்வு பெற்ற நீதிமன்ற உத்தியோகஸ்தர், யாரும் அழைக்காமலே, பழைய கொலை வழக்கொன்றை எழுத உட்காருகிறார். அதன் திரைப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. ரிச்சர்டு ஆஸ்மன் 2020-ல் வெளியிட்ட 'த தர்ஸ்டே மர்டர் கிளப்' நூலில் முன்னாள் உளவுப் பெண்மணியான எலிசபெத், முதியோர் குடியிருப்பில் தோழர்களோடு உற்சாகமாகவே கொலையைத் துப்பறிகிறாள். ரயில் பிரயாணத்துக்கு அது இனிய புத்தகம். ஆனால் தயக்கம் போனவுடன் கனமும் போய்விட்டது.

லெ காரேயைப் புதிதாகப் படிக்க விரும்புவோர் பெரிய நாவலில் கை வைக்காமல், 1961-ன் அந்தச் சிறிய புத்தகத்திலிருந்து தொடங்கட்டும். டெலிபோன் மணி தொடக்கத்திலேயே அடித்துவிடுகிறது.