ஆமூர் மல்லனும் வேம்புலியும்

புறநானூற்றின் 80ஆம் பாட்டுத் தொடக்கம் 85ஆம் பாட்டு ஈறாகவுள்ள ஆறு பாடல்களும் ஒரே மனிதனைப் பற்றியவை. உறையூர்த் தித்தனின் மகனும் தந்தையோடு பகைத்துப் பிரிந்து சென்றவனுமாகிய சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது அவனை வென்றான். இவற்றுள் மூன்று பாடல்களைச் சாத்தந்தையாரும் மூன்றினைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர். தமிழில் இருவர் கைகலந்து பொருதும் ஆட்டத்தைப் பற்றி இத்துணை நெருக்கமாகப் பேசும் பழம் பாடற்றொகுதி வேறொன்றைக் காட்டுதல் அரிது. எனினும் இப்பாடல்களை உற்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஆட்டத்தின் நுட்பத்தைக் காட்டிலும் ஆடுவோன்மீது விழும் கண்களே புலவர்களின் கருத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளன.

மல்லனின் மார்பில் ஒரு காலை மண்டியிட்டு, மற்றைக் காலால் அவன் சூழ்ச்சிகளைத் தடுத்து, தலையும் காலும் ஒருங்கே முறியுமாறு கிள்ளி தாக்கிய காட்சியை வரைந்த சாத்தந்தையார், அக்காட்சியைத் தித்தன் காணவேண்டும் என்றே அவாவுகின்றார். கண்டால் அவன் மகிழ்வானோ மகிழானோ என்பது புலவர்க்கே ஐயம். வெற்றி கைவந்த பின்னரும் அதனை ஏற்கவேண்டியவர் ஏற்பாரோ என்ற வினா எஞ்சி நிற்கின்றது. 82ஆம் பாட்டிலே போரின் விரைவுக்கு அவர் காட்டும் உவமை இதனினும் வியப்புக்குரியது. ஊரிலே விழாத் தொடங்கிவிட்டது; வீட்டிலே மனைவிக்குப் பேறுகால வேதனை; வெளியே மழை; பொழுதோ சாய்கின்றது. இத்தனைக்கும் நடுவிலிருந்து கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவினது அப்போர். வீரனின் மேலுள்ள நெருக்குதலைச் சொல்ல வந்த புலவர்க்குச் சிங்கமும் புலியும் போதாவாயின. சமூகம் இழிந்தவன் எனப் பெயரிட்டு ஒதுக்கிய ஓர் உழைப்பாளியின் கைதான் அவர்க்கு உதவிற்று. பழைய உரைகாரர்கள் இவ்வுவமையின் விரைவை விளக்கிய அளவிற்கு அதனுள் அடங்கிய நெருக்குதலை விளக்கினாரல்லர்.

பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்து 1968இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டதன் பின்னர், வீரனும் அவனைப் பாடுவோனும் அவனைக் காக்கும் குழுவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற உண்மை நம்மவர்க்குப் பழகிய ஒன்றாயிற்று. அக்கண்கொண்டு நோக்கின், 2021 யூலை 22இல் இணையவழி வெளியான பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ என்ற திரைப்படம் அப்பழைய பிணைப்பைப் புதிய களத்தில் வைத்துச் சோதிக்கும் முயற்சி எனலாம். வட சென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளே அதன் களம். அவசரகாலச் சட்டம் நிலவிய எழுபதுகளின் நடுப்பகுதியே அதன் காலம். இனி வரும் மதிப்பீடு அப்படத்தின் ஒரு கூற்றைப் பற்றியது: மறுமோதல். ஒருமுறை மோதியவர்கள் மீண்டும் மோதவேண்டும் என்று கேட்பது யார், எதற்காகக் கேட்கின்றார்கள் என்ற வினாவுக்குப் படம் தரும் விடையே அதன் பலமும் பலவீனமுமாகும்.

கபிலன் தானாக மேடையேறியவன் அல்லன். சார்பட்டாப் பரம்பரையின் மானத்தைப் பணயம் வைத்து ரங்கன் வாத்தியார் சூளுரைத்துவிட்டார். தோற்றால் பரம்பரையே கையுறையைக் கழற்றவேண்டும். அவன் தாய் பாக்கியத்துக்கோ கணவனின் இரத்தக்கறை இன்னும் காயவில்லை. குத்துச்சண்டை என்ற சொல்லே அவளுக்கு நஞ்சு. வேம்புலியின் கையால் மீரான் உருக்குலைந்த காட்சி ஊராரின் கண்ணிலே நிற்கின்றது. இவை போதாவென்று, சொந்தப் பரம்பரைக்குள்ளேயே அவனைப் பிறப்பின் காரணமாக ஏற்க மறுக்கும் தணிகா. சாத்தந்தையாரின் கட்டில் பின்னுவோனைச் சூழ்ந்த விழாவும் பேறும் மழையும் மாலையும் ஈண்டு வேறு வடிவில் வந்து நிற்பதைக் காணலாம். டான்சிங் ரோஸுடனான ஆட்டம் படத்தின் மிகச் சிறந்த பகுதி என்று பலரும் கூறுவர், அது உண்மையே. ஆனால் அதன் சிறப்பு ரோஸின் நடனக் கால்களில் மட்டும் இல்லை. படம் முழுவதிலும் இரு ஆட்டக்காரர் ஒருவரையொருவர் மட்டுமே நோக்கி ஆடும் ஆட்டம் அது ஒன்றே. வேம்புலியுடனான ஆட்டத்தில் அந்தத் தனிமை இல்லை.

அம்முதல் மோதல் முடிவுறவில்லை என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். கபிலனின் கை ஓங்கிநின்ற வேளையிலே கலகம் மூள்கின்றது. தணிகாவின் ஆட்கள் மேடையேறி அவன் ஆடையைக் களைந்து அவமதிக்கின்றனர். அதே பொழுதில், 1976 சனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி வருகின்றது. ரங்கன் வாத்தியார் கைதாகின்றார். மேடையில் நடந்ததையும் டெல்லியில் நடந்ததையும் ஒரே கணத்தில் இணைத்த திரைக்கதை மிகத் துணிவானது. ஆயினும் அதன் விளைவு யாது? வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. கபிலன் தோற்றிருந்தால் மறுமோதல் பழிதீர்த்தலாகியிருக்கும். வென்றிருந்தால் அதற்குத் தேவையே எழாது. முடியாத ஆட்டம் இருவரையும் விடுவதில்லை.

மறுமோதலின் சுமை எத்தகையது என்பதற்கு உலகக் குத்துச்சண்டை வரலாறு நல்ல சான்றுகளைத் தரும். 1936 யூன் 19இல் ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங், கறுப்பின அமெரிக்கரான ஜோ லூயிஸை 12ஆவது சுற்றில் வீழ்த்தினார். அடுத்த ஆண்டில் லூயிஸ் உலகச் சம்பியனாகியும், ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மைச் சம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்றே கூறிவந்தார். 1938 யூன் 22இல் நியூயோர்க் யாங்கி அரங்கில் ஏறத்தாழ எழுபதினாயிரம்பேர் முன்னிலையில் நடந்த மறுமோதல் 124 செக்கன்களில் முடிந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவ்விருவரும் மனிதராயிருப்பதை நிறுத்திவிட்டு, ஒருவர் நாற்சிய ஜேர்மனியாகவும் மற்றவர் சனநாயக அமெரிக்காவாகவும் ஆக்கப்பட்டனர். ஷ்மெலிங் நாற்சிக் கட்சியின் உறுப்பினர் அல்லர். அவருடைய முகாமையாளர் ஒரு யூதர். தமது நாட்டில் லூயிஸ் வெள்ளையருக்குச் சமமாக நடத்தப்பட்டவரும் அல்லர். அவர்கள்மீது ஏற்றப்பட்ட கொடிகள் அவர்களுடையவை அல்ல. பிற்காலத்தில் இருவரும் நண்பர்களாயினர் என்பது அக்கொடிகளுக்குக் கிடைத்த விடை.

நம் காலத்துக் கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளிலும் இது காணப்படுகின்றது. கனடாவின் ஜோர்ஜ் சென்-பியேர் 2007 ஏப்பிரிலில் மட் செராவிடம் எதிர்பாராது பட்டத்தை இழந்தார். தோல்வியின் நினைவு அவரை விடவில்லை. செராவின் பெயரை ஒரு செங்கல்லில் எழுதிச் சுமந்து, பின் அதனை ஆற்றில் எறியுமாறு உளவியல் ஆலோசகர் ஒருவர் அவருக்குக் கூறினாராம். 2008 ஏப்பிரில் 19இல் தமது மொன்றியல் நகர மக்களின் முன்னிலையிலேயே அவர் பட்டத்தை மீட்டார். ஆனால் எல்லோருக்கும் செங்கல் அவ்வளவு எளிதாக ஆற்றில் விழுவதில்லை. பல ஆண்டுகள் தோல்வியறியாத அண்டர்சன் சில்வா 2013 யூலையில் கிறிஸ் வைட்மனிடம் பட்டத்தை இழந்து, அவ்வாண்டு டிசெம்பர் 28இல் மீண்டும் மோதியபோது கால் முறிந்து வீழ்ந்தார். மறுமோதல் காயத்தை ஆற்றும் என்ற நம்பிக்கை நிகழ்ச்சியை விற்போருக்கு வேண்டிய நம்பிக்கை.

ரஞ்சித்தின் படம் தன் பிற்பாதியில் இந்நம்பிக்கைக்கே ஆட்பட்டுவிடுகின்றது. தணிகாவைத் தாக்கிச் சிறைசென்று மீண்ட கபிலன் சாராயத்தில் அமிழ்கின்றான். உடல் பருத்து, மதி மழுங்கி, மாரியம்மாவின் முகத்தைப் பார்க்கவும் கூசும் அந்தக் கபிலனைப் படம் ஒளிவு மறைவின்றிக் காட்டுவது பாராட்டுக்குரியது. தமிழ்த் திரையின் நாயகர்களில் இத்தகைய வீழ்ச்சிக்கு உடன்பட்டவர் சிலரே. ஆனால் அவ்வீழ்ச்சிக்கு மருந்தாக முன்வைக்கப்படுவது இன்னொரு ஆட்டம் மட்டுமே. எந்தக் குத்துச்சண்டை தன் கணவனை விழுங்கிற்று என்று பாக்கியம் அஞ்சினாளோ, அதே மேடைக்கு மகனை அவளே அனுப்புகின்றாள். இந்த மாற்றம் உளவியல் அடிப்படையில் நம்பத்தக்கதே. தாய்மாருக்குச் சில வேளைகளில் இரு கேடுகளுள் சிறியதைத் தெரிவதைத் தவிர வழியில்லை. எனினும் படம் அதனைச் சிறிய கேடாகக் காட்டாமல் மீட்சியாகக் காட்டுகின்றது. பீடி ராயப்பனின் கடற்கரைப் பயிற்சியோடு இசை ஓங்குகின்றது; பார்வையாளரின் ஐயம் அடங்குகின்றது. ஆடையைக் களைந்த சாதியத் திமிருக்கு வேம்புலியை வீழ்த்துதல் எங்ஙனம் விடையாகும்? களைந்தவர்கள் தணிகாவின் ஆட்கள், வீழ்ந்தவன் வேம்புலி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் படம் வெற்றிக் களிப்பினால் நிரப்பிவிடுகின்றது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவின் முன்னே நின்ற போராட்டத்தை அறிந்த யாழ்ப்பாண வாசகன் இதனைக் கடலுக்கப்பாலுள்ளவர்களின் சிக்கலாக எண்ணி நகர்ந்துவிட முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. தந்தையின் ஏற்புக்காக ஏங்கிய கிள்ளிக்கு இப்படத்தில் மிக அணுக்கமானவன் கபிலன் அல்லன்; ரங்கனின் மகன் வெற்றிச்செல்வனே. மேடையேறத் துடித்தும் தந்தையால் தெரிந்தெடுக்கப்படாதவன் அவன். தகுதியை நோக்கினால் வாத்தியார் செய்தது நேர்மை; மகனின் உள்ளத்தை நோக்கினால் அது ஆறாத புண். இவ்வளவு வளமான ஒரு முரணைக் கையில் வைத்துக்கொண்டு, அவனைப் பொறாமைக்காரனாகவும் கபிலனைச் சாராயத்துக்கு இழுப்பவனாகவும் சுருக்கியது பெரும் இழப்பு.

மீண்டும் மீண்டும் களமிறங்கவேண்டிய நெருக்குதல் குடாநாட்டுக்குப் புதியதன்று. 1904 முதலான ‘வடக்கின் போர்’ துடுப்பாட்டத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதுவதெல்லாம் மறுமோதல்தான். சென்ற ஆண்டின் கணக்கைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுவோர் பெரும்பாலும் மட்டையைக் கீழே வைத்துப் பல்லாண்டு கழிந்த பழைய மாணவர்களே. எதிராளியே இல்லாத மறுமோதலும் உண்டு. 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்து திரும்பி நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன், பின்னர் சாதனைமேல் சாதனையாகத் தேடிச் சென்று, 1984 ஓகஸ்ட் 6இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்நீத்தார். அவரைப் போற்றும் எழுத்துக்கள் பல. ஒரு சாதனையாளனிடம் அடுத்ததைக் கேட்டுக்கொண்டேயிருக்கும் ஊரைப் பற்றிய எழுத்து அரிது.

வேம்புலிக்கு மீள்வோம். மறுமோதல் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே அஞ்சவேண்டியவன் அவன்தான். ஊரார் கண்ணில் அவன் தோல்வியறியாத வீரன். ஆனால் முதல் ஆட்டம் குலையாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவன் உடல் அறியும். கலகத்தினால் காக்கப்பட்ட பட்டத்தை அணிந்துகொண்டு ஒருவன் ஆண்டுக்கணக்கில் எவ்வாறு உறங்கினான்? மீண்டும் ஆடினால் இழப்பதற்கு எல்லாம் உண்டு, பெறுவதற்கு ஒன்றுமில்லை. ஆட மறுத்தாலோ ஊர் வாயை மூட முடியாது. துரைக்கண்ணு வாத்தியாரும் இடியப்பப் பரம்பரையும் அவனிடமும் கடன் கேட்டிருப்பார்கள் அல்லவா? ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓடும் படத்தில் இவ்வினாக்களுக்கு ஒரு தனிக் காட்சிதானும் இல்லை. ஜோன் கொக்கனின் கண்களில் ஓரிரு கணம் தோன்றி மறையும் கலக்கத்தைத் தவிர, வேம்புலி கடைசிவரை தசையும் உறுமலுமாகவே நிறுத்தப்பட்டுள்ளான்.

நக்கண்ணையார் கிள்ளியை விரும்பியவர். அவன் வெற்றியையே வேண்டியவர். அவ்வாறிருந்தும், வெற்றி அவனது என்று ஒரு சாராரும் அன்று என்று ஒரு சாராரும் கூறியதை 85ஆம் பாட்டில் மறைக்காமல் பதிந்து, இரு கூற்றுக்கும் இனிமை கண்டு, பனையடியிற் சாய்ந்து நின்று தம் கண்ணால் கண்டதைச் சொல்கின்றார். சாத்தந்தையாரும் 81ஆம் பாட்டில், கிள்ளியின் படை ஆரவாரத்தைக் கடலொலிக்கும் மேலாக உயர்த்திய கையோடு, அவன் கையில் அகப்பட்டு இரக்கத்துக்குரியவராகப் போகின்றவர் யாரோ என்று வினவுகின்றார். ஆமூர் மல்லனுக்குக் கிடைத்த அந்த ஒரு வினாகூட வேம்புலிக்குக் கிடைக்கவில்லை.