'பரதேசி' முடிகின்ற இடமும் 'பிலவ்ட்' தொடங்குகின்ற இடமும்

அடிமைத்தனம் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் விடுதலையோடு முடிந்துவிடுகின்றன. சங்கிலி அறுகிறது, எஜமானன் தோற்கிறான், பார்வையாளன் மனச்சுமை இறங்கி எழுந்து போகிறான். விடுதலையான மனிதன் மறுநாட் காலையில் எப்படி விழித்தான், தன் பிள்ளையை எப்படித் தூக்கினான், இரவில் எதைக் கண்டு அலறினான் என்று கேட்கும் படங்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்ட படம் ஜொனதன் டெம் 1998இல் இயக்கிய 'பிலவ்ட்'. அன்புக்குரியவள் என்பது அச்சொல்லின் பொருள். டோனி மொறிசன் 1987இல் எழுதி, மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாவலின் திரைவடிவம் அது.

அந்தப் படத்தை மலையகத்தில், குறிப்பாகக் கொத்மலைப் பக்கத்து மலைகளின் நடுவிலிருந்து பார்ப்பவருக்கு, பாலா 2013இல் தந்த 'பரதேசி' நினைவுக்கு வராமற் போகாது. ஒன்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை. மற்றது தமிழகத்துக் கிராமத்திலிருந்து தேயிலை மலைக்கு ஏற்றப்பட்டவர்களின் கதை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது நம்முடைய இலக்கியத்தில் உள்ள ஒரு பெரிய வெற்றிடம் தெரிகிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 'பிலவ்ட்'. கதை 1873ஆம் ஆண்டு, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகர்ப்புறத்தில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை சட்டத்திலிருந்து அகற்றப்பட்டு எட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஸெத்தே (ஒப்ரா வின்ஃப்ரி) என்ற தாயும் டென்வர் என்ற மகளும் ஒரு வீட்டில் தனித்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு குழந்தையின் ஆவி உலவுகிறது. மகன்மார் இருவரும் அதற்குப் பயந்து எப்போதோ ஓடிவிட்டார்கள். ஊரார் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. பழைய தோட்டத்தில் உடன் அடிமையாக இருந்த போல் டீ (டெனி குளோவர்) வந்து அந்த ஆவியை விரட்டுகிறான். சில நாட்களில், நீரிலிருந்து எழுந்து வந்த இளம்பெண்ணொருத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் கேட்டால் பிலவ்ட் என்கிறாள். இறந்துபோன குழந்தையின் கல்லறையில் பொறிக்கப்பட்ட சொல் அது.

அந்தக் குழந்தையைக் கொன்றவள் தாய்தான். கெண்டக்கித் தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு தப்பி வந்து சில வாரங்களே ஆன நிலையில், அடிமைக்காரன் சட்டத்தின் துணையோடு தேடி வருகிறான். பிள்ளைகளைத் திரும்பவும் அவன் கையில் கொடுப்பதைவிட மண்ணிடம் கொடுப்பது மேலென்று நினைக்கிறாள் ஸெத்தே. இது வெறுங் கற்பனையன்று. 1856இல் கெண்டக்கியிலிருந்து ஒஹையோ ஆற்றைக் கடந்து ஓடிவந்த மார்கரெட் கார்னர் என்ற பெண் பிடிபடும் தறுவாயில் தன் மகளைக் கொன்றாள். நாவலின் விதை அந்தச் சம்பவம்தான்.

இந்தத் தாயை மன்னிப்பதா, தண்டிப்பதா என்று படம் கேட்கவில்லை. அவளுடைய அன்பு ஏன் இப்படியொரு வடிவம் எடுத்தது என்றே கேட்கிறது. தோட்டத்தில் அவளுடைய தாய்ப்பாலை எஜமானனின் ஆட்கள் பலவந்தமாக உறிஞ்சி எடுத்தார்கள். முதுகில் சவுக்கடித் தழும்பு மரம்போலக் கிளைவிட்டுக் கிடக்கிறது. அடித்ததை விடவும் பாலைப் பறித்ததையே அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். தன் உடலும் தன் பிள்ளையும் தனக்குச் சொந்தமில்லை என்று ஆக்கப்பட்டவள், சொந்தம் கிடைத்த மாத்திரத்தில் அளவு தெரியாமல் அன்பு செலுத்துகிறாள். வடு என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடும் சொல்லின் உட்பொருள் இதுதான். அநீதி முடிந்த பின்னரும் அது மனிதனின் அன்புக்குள்ளே இருந்து வேலை செய்கிறது.

படம் இலகுவானதல்ல. கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் ஓடுகிறது. முன்னறிவிப்பின்றி முன்னும் பின்னும் போகிறது. பிலவ்டாக வரும் தாண்டி நியூட்டனின் கரகரத்த குரலும், குழந்தைபோல் தள்ளாடும் நடையும், இனிப்பின் மீதான அடங்காப் பசியும் பலரை எரிச்சலூட்டின. படம் போட்ட பணத்தைக்கூட மீட்கவில்லை. என் கணிப்பில் அதன் உண்மையான குறை வேறு. நாவலில் பிலவ்ட் ஒரு வீட்டின் குழந்தை மட்டுமல்ல; கப்பலின் அடித்தட்டில் நெரிக்கப்பட்டு, கடலிலே எறியப்பட்ட எண்ணற்றவர்களின் குரலும் அவளுக்குள் பேசுகிறது. அந்தக் கனம் படத்தில் வந்து சேரவில்லை. ஆவியைக் கண்ணால் பார்க்கத் தொடங்கியதும் வரலாறு ஒரு குடும்பத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆயினும், பேய்க்கதை என்ற பாமர வடிவத்தை எடுத்து அதற்குள் நினைவின் கதையை வைத்த துணிச்சல் பெரியது.

இனி 'பரதேசி'. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக வேலை பார்த்து, தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது இப்படம். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. 1939இல் சாலூர் என்ற கிராமத்தில் ஊருக்குச் சேதி அறிவித்துத் திரியும் ராசா (அதர்வா), கங்காணியின் ஆசை வார்த்தையில் மயங்கி ஊராரோடு மலையேறுகிறான். வாரக்கணக்கான நடை. வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். மேலே போனபின், வாங்கிய முற்பணம் ஒருபோதும் தீராத கடனாகிறது. ஓட முயன்றவனின் கால் நரம்பு வெட்டப்படுகிறது. கொள்ளை நோய் வருகிறது. கடைசியில் ஊரிலே விட்டுவந்த அங்கம்மாள் தன் பிள்ளையோடு, புதிதாகப் பிடித்துவரப்பட்ட கூட்டத்தில் ஒருத்தியாக அதே மலைக்கு வந்து சேர்கிறாள். அவளைக் கண்டு ராசா கதறுவதோடு படம் முடிகிறது.

செழியனின் ஒளிப்பதிவும் நாஞ்சில் நாடனின் உரையாடலும் தமிழ்ச் சினிமாவுக்குப் புதிய தரத்தைத் தந்தவை. என்றாலும் இரண்டு குறைகளைச் சொல்லியே ஆகவேண்டும். முதலாவது, மூலநாவலை எழுதியவர் தொழிலாளருக்காகப் போராடிய கிறிஸ்தவ வைத்தியர். படத்திலோ வைத்தியர் நோயாளிகளின் நடுவே மதமாற்ற ஆட்டம் ஆடும் கோமாளியாகிவிட்டார். சிறுபான்மையினரைத் திரையில் எப்படி வரைகிறார்கள் என்பதை அனுபவித்து அறிந்த நாம் இதைக் கண்டுங்காணாமல் விடக்கூடாது. இரண்டாவது குறை, துன்பத்தை அடுக்கிக்கொண்டே போவது. அடி, பசி, நோய், சாவு என்று குவியும்போது பார்வையாளன் இரக்கப்படுகிறான். ஆனால் அந்த மனிதர்களின் உள்ளே என்ன நடந்தது என்பதை அறியாமலே திரும்புகிறான். இரு படங்களும் பெரிய விருது மேடைகளில் உடையலங்காரத்துக்காகவே பேசப்பட்டன. 'பிலவ்ட்' ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது அந்த ஒரு பிரிவில்தான். 'பரதேசி'க்குக் கிடைத்த இந்திய தேசிய விருதும் அதே பிரிவுக்குத்தான். கந்தலைச் சரியாகத் தைத்தவர்களுக்குப் பாராட்டுக் கிடைத்தது. கந்தலுக்குள் இருந்த மனிதரைப் பற்றிய விவாதம் நடக்கவில்லை.

'பரதேசி' முடிகின்ற இடத்தில்தான் 'பிலவ்ட்' தொடங்குகிறது. ராசா கதறிய மறுநாள் என்ன நடந்தது? அங்கம்மாளின் மகன் அந்த லயத்தில் எப்படி வளர்ந்தான்? தகப்பனின் வெட்டுண்ட காலைப் பார்த்து அவன் எதைக் கற்றுக்கொண்டான்? தன் மகளுக்கு அவன் எதைச் சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான்? இந்தக் கேள்விகளை எழுப்பும் தமிழ்ப் படம் இன்னும் வரவில்லை.

தோட்டத் தொழிலை அடிமைமுறை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சந்தையில் ஏலம் போட்டு விற்ற வாழ்வையும், கங்காணியின் கடனில் பிணைத்த வாழ்வையும் ஒன்றென்று கூறினால் இரண்டையும் நாம் அறியாதவர்களாவோம். ஆனால் வரலாறு இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. 1833இன் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கியே நிறைவேறியது. இங்கே அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். அதே காலப்பகுதியில்தான் கம்பளைப் பக்கமிருந்து விரிந்த கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டுப் போவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கடனோடு ஆளைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921வரை சட்டத்தால் தடுக்கப்படவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை பற்றி 1974இல் ஆய்வு நூல் எழுதிய ஹியூ டிங்கர், அதைப் புதியதோர் அடிமைமுறை என்றே தலைப்பில் குறித்தார். விலங்கின் பெயர் மாறியது. அது கணக்குப் புத்தகமாயிற்று.

அதன் பின்னும் கதை நிற்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். ஒரே காம்பராவில் வாழ்ந்த குடும்பங்கள் இரண்டு நாடுகளாயின. எஞ்சிய நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003வரை காத்திருந்தது. ஸெத்தே தன் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சியதைப் புரிந்துகொள்ள மலையகத் தாய்க்கு அமெரிக்க வரலாறு படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கொத்மலைக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1979இல் தொடங்கி 1985இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் அடியில் ஊர்கள் கிடக்கின்றன. வரட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் சிதைவுகள் மேலே தெரியும். அவ்வேளை மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். பத்திரிகைகள் படம் போடுகின்றன. தேயிலைச் செடிகளின் தூரில் புதைந்தவர்களைத் தெரியப்படுத்த எந்த வரட்சியும் இல்லை. ஸெத்தே தன் பிள்ளையின் கல்லறையில் ஒரு சொல்லைப் பொறிக்கத் தன் உடலையே விலையாகக் கொடுத்தாள். இந்த மலைகளில் மாண்ட ஆயிரமாயிரம் பேருக்கு ஒரு சொல்லும் இல்லை, ஒரு மீஸான் கல்லும் இல்லை. இந்த மலைப்பகுதியின் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து நாடாளுமன்றம்வரை போன சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களே அம்மக்களுக்குக் கிடைத்த முதற் கல்வெட்டு என்பேன். கோகிலம் சுப்பையா, தெளிவத்தை ஜோசப் போன்றோர் அதைத் தொடர்ந்தார்கள். திரையில் வி.பி. கணேசன் 1975இல் தந்த 'புதிய காற்று' ஒரு தொடக்கம். ஆனால் அந்த ஓட்டம் வலுப்பெறவில்லை.

இதிலே முஸ்லிம் எழுத்தாளனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய உண்டு.

முதலாவது, அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளில் நம் மார்க்கத்தவரும் இருந்தனர். 1807இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட உமர் இப்னு ஸெய்யித் என்ற கல்விமான், வட கரோலினாவில் அடிமையாக இருந்துகொண்டே 1831இல் தன் வரலாற்றை அறபு மொழியில் எழுதினார். அக்கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாவது, ஸூரத்துல் பலத் அடிமையை விடுவிப்பதைக் கடினமான மலைக்கணவாயைக் கடப்பதற்கு ஒப்பிடுகிறது. மலையில் வாழும் நமக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிலால் (ரலி) அவர்களின் சரிதையை நம் மிம்பர்களில் பெருமையோடு சொல்கிறோம். அதேவேளை, முஸ்லிம் நாடுகளிலும் அடிமை வாணிபம் நெடுங்காலம் நடந்ததையும், மொரித்தானியா 1981இல்தான் அதை ஒழித்ததாக அறிவித்ததையும் மறைக்காமல் சொல்லும் நேர்மையும் நமக்கு வேண்டும்.

மூன்றாவதே மிக நெருக்கமானது. நாவலப்பிட்டி, தலவாக்கலை, ஹற்றன் கடைவீதிகளில் தோட்டத்து மக்களோடு தலைமுறைகளாகக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் நாம். பற்றுக் கொப்பியில் அவர்களுடைய பெயர்கள் இருந்தன. பெருநாளும் தீபாவளியும் ஒரே கடையில் நடந்தன. ஆனால் நம் சிறுகதைகளில் அவர்கள் வாடிக்கையாளராக, மூட்டை தூக்குபவராக, குசினியில் நிற்கும் பிள்ளையாக ஓரமாய் வந்து போகிறார்கள். கதையின் நடுவில் நிற்பவர்கள் சிலரே. 2021 ஜூலையில் டயகமையிலிருந்து கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்கு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களால் உயிரிழந்தபோது நம் இலக்கிய வட்டங்கள் எவ்வளவு பேசின? 2013 ஜனவரியில் மூதூர் றிஸானா நபீக் சவூதியில் தலை துண்டிக்கப்பட்டபோது நாம் அழுதோம், கவிதை எழுதினோம். அழவேண்டியதுதான். வறுமை பிள்ளைப் பருவத்திலேயே கடல்கடக்க வைத்த பெண்ணுக்கும், வறுமை மலையிறங்க வைத்த பெண்ணுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. ஒருத்திக்குக் கண்ணீரும் மற்றவளுக்கு மௌனமும் என்றால், நம் இரக்கம் இன்னும் முழுமை பெறவில்லை என்றே பொருள்.

'பிலவ்ட்' தருகின்ற முக்கிய பாடம் அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. தாயின் உயிரை உறிஞ்சிக்கொண்டிருந்த அந்த ஆவியை விரட்டியது தாயல்ல, மகளுமல்ல, போல் டீயுமல்ல. பதினெட்டு வருடமாக அந்த வாசலை மிதிக்காமல் ஒதுங்கியிருந்த அயல்வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து நின்று குரலெழுப்பியபோதுதான் அது அகன்றது. அதற்கு முதற்படியாக டென்வர் வாசலைத் தாண்டி வெளியே போய் உதவி கேட்டாள். அவள் கேட்டாள், அவர்கள் வந்தார்கள். துன்பத்தை அனுபவித்தவர் தனித்திருந்து அதை ஆற்றிக்கொள்ள முடியாது. அயலவர் வந்து நிற்கவேண்டும்.

மலையகத்தின் டென்வர்கள் வாசலைத் தாண்டி நெடுநாளாகிறது. அவர்கள் எழுதுகிறார்கள். முதல் தொழிலாளர் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அயலவராகிய நாம் அவர்கள் வாசலில் போய் நின்றோமா என்பதே கேள்வி. 'பரதேசி'க்குப் பிந்திய கதையை எழுதும் உரிமை முதலில் அவர்களுடையது. அந்தக் கதையில் கடைக்காரனாக, அயலவனாக, சில வேளை எஜமானனாக வரப்போகும் நம்மைப் பற்றிய பக்கங்களை நேர்மையாக எழுதிக் கொடுக்கவேண்டிய கடமை நம்முடையது.