உறுதிப்பொருள் நான்கும் ‘வீடு’ என்னும் சொல்லும்

தர்மம், அர்த்தம், காமம், மோட்சம் என்னும் நான்கையும் அறம், பொருள், இன்பம், வீடு எனத் தமிழாக்குதல் மரபு. இந்நான்கும் இன்றைய வாழ்வுக்குப் பொருந்துமா என்னும் வினாவிற்கு விடை, மொழிபெயர்ப்பையும் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலாவதாக, இந்நான்கும் தொடக்கம் முதலே ஒருசேர எண்ணப்பட்டவை அல்ல. வடமொழியில் ‘திரிவர்க்கம்’ என்னும் மூன்றே முற்பட்டவை. மோட்சம் பின்னர்ச் சேர்ந்தது. தொல்காப்பியமும் மூன்றையே சுட்டுகிறது. குறளும் முப்பாலே. வீடு சொல்லால் உணர்த்தற்கரியது ஆதலின் துறவறத்தின்வழிக் கூறப்பட்டது என்பது பரிமேலழகர் தரும் அமைதி.

இரண்டாவதாக, பொருள் என்பதற்குச் ‘செல்வம்’ என்று மட்டும் உரைப்பது குறையுடைத்து. பொருட்பாலின் 70 அதிகாரங்களுள் பொருளீட்டலை நேரே பேசுவது ‘பொருள்செயல்வகை’ ஒன்றே. அரசியலும் அங்கவியலும் மட்டும் 57 அதிகாரங்கள். எனவே குறளின் ‘பொருள்’ ஆட்சிமுறையையும் தழுவியது என்பது பெறப்படும்.

இவ்வேறுபாட்டின் பயனை மும்பையில் காணலாம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு சொற்பொழிவாளர், ‘பொருட்பற்றை விடுத்து வீட்டை நாடுக’ என்று கூறுவதாகக் கொள்வோம். கேட்போர் மோட்சம் என்றே உணர்வர். மாட்டுங்காவை அடுத்துள்ள தாராவியிலோ, அச்சொல் முதலில் உணர்த்துவது குடியிருக்கும் இல்லத்தையே. 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான மறுவளர்ச்சித் திட்டத்தின்படி, 2000 சனவரி 1க்கு முற்பட்ட தரைத்தளக் குடியிருப்பினர்க்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். மேல்தளத்தார்க்கும் பின்வந்தோர்க்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். ஒரே கூரையின்கீழ் மேலும் கீழும் வாழ்வோரை இவ்விதி பிரிக்கிறது. இவர்களுக்கு வீடு பற்றிய வினா, பொருட்பாலுக்குரிய முறைசெய்தல் பற்றிய வினாவேயாகும்.

‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினையடி நீண்டு அமைந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். விடுதலையையும் இல்லத்தையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரட்டுறலை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு சொல்லால் பெயர்த்தல் அரிது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் ‘மோட்சம்’ என எழுதி அமையாது, அடிக்குறிப்பில் இதனை விளக்குதல் வேண்டும். பொருளைச் செல்வமாகச் சுருக்கினால் உறுதிப்பொருள்கள் தனிமனித முயற்சியாகவே எஞ்சும்; ஆட்சியின் கடமை மறைந்துவிடும். அவற்றின் இக்காலப் பொருத்தம் அக்கடமையை மறவாமையிலேயே உள்ளது எனலாம்.