வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மூளை இரண சிகிச்சை நிபுணராகப் பெயர் பெற்ற ஆல்பிரெடோ கின்யோனெஸ்-ஹினோஹோசா என்பார், மிம் ஐக்லர் ரீவாஸ் என்னும் அம்மையாரின் துணைகொண்டு தம் சரிதத்தை எழுதினார். 2011-ஆம் ஆண்டில் கலிபோர்னியா சர்வகலாசாலைப் பதிப்பகம் வெளியிட்ட அந்நூலின் பெயர் ‘பிகமிங் டாக்டர் கியூ’. ஊர் ஊராய்ச் செல்லும் வயற்கூலியாக இருந்து மூளை வைத்தியரான பயணம் என்று அதற்கோர் உபதலைப்பும் உண்டு. நாம் முதலில் வழக்காட விரும்புவது இவ்வுபதலைப்போடுதான். வயல் அதில் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்ற கல்லூரியைக் காணோம்.

ஆசிரியர் 1968-ல் மெக்ஸிக்கோவில், மெக்ஸிகாலி நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றும் பிழைப்பு வாய்க்காமல், 1987-ல் எல்லை வேலியைத் தாண்டிக் கலிபோர்னியாவிற்குள் புகுந்து, சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் வயல்களில் உழைத்தார். பின் ஸ்டாக்டன் நகரில் இரயில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் இரும்பு பற்றவைக்கும் வேலை கிடைத்தது. 1989-ல் எண்ணெய்த் தொட்டி வண்டி ஒன்றினுள் விழுந்து, நச்சாவியால் மூர்ச்சித்து, மயிரிழையில் உயிர் தப்பினார். இத்தகைய பகல்களுக்குப் பிறகுதான், அந்நகரிலுள்ள சான் வாக்கீன் டெல்டா கல்லூரியில் இரவு வகுப்பில் அமர்ந்து ஆங்கிலம் கற்றார். அங்கிருந்து பெர்க்லி, பின்னர் ஹார்வர்டு, பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். மற்றவை யாவரும் அறிந்தவை.

டெல்டா போன்றவற்றை அந்நாட்டார் சமூகக் கல்லூரி என்பர். முதல் இரண்டாண்டுப் படிப்பை அங்கே முடித்துச் சர்வகலாசாலைக்கு மாறலாம், தொழிலும் கற்கலாம். கலிபோர்னியா மாகாணம் 1960-ல் வகுத்த உயர்கல்வித் திட்டம் சர்வகலாசாலைகளைத் தேர்ந்தெடுத்த மாணவருக்கு ஒதுக்கிவிட்டு, இக்கல்லூரிகளின் கதவை மட்டும் ஏனையோர்க்கெல்லாம் திறந்து வைத்தது. ஆதலால் லத்தீன் அமெரிக்க நாடுகளினின்று பிழைக்க வந்த ஆடவன் கல்வியை நாடினால், அவன் காலடி முதலில் படுமிடம் பெரும்பாலும் இதுவே.

நூலின் சிறப்பை மறைக்க வேண்டுவதில்லை. ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன இளைஞனை, ஆயுள் முழுதும் உனக்கு இந்த வயல்தான் என்று உறவினனே ஏளனம் செய்யும் இடம் நம் நெஞ்சைச் சுட்டது. 2007-ல் ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிய சிறு கட்டுரையிலும் ஆசிரியர் இதைக் கூறியுள்ளார். அவருக்கு ஆறாத புண் போலும். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு, அவ்வேளனத்தில் பகை சிறிதும் இல்லை என்பது தெரியும். ஒரு நாள் பேர் விழாவிடில் அடுப்பு என்னாகும் என்று அறிந்தவன் பேச்சு அது.

குறை எங்கே எனில், கல்லூரி ஆண்டுகளை நூல் ஒரு படிக்கட்டாகவே பாவித்து ஏறிச் சென்றுவிடுகிறது. துணையாசிரியையான அம்மையார், கிறிஸ் கார்ட்னரின் ‘பர்சூட் ஆப் ஹாப்பினெஸ்’ என்ற 2006-ஆம் ஆண்டுச் சரிதத்திலும் கைகொடுத்தவர்; தாழ்ந்தவன் உயரும் கதையை எப்படி வேகமாக நடத்துவது என்பதில் தேர்ந்தவர். வேகம் கூடக் கூட, வெற்றிக்குக் காரணம் மனவுறுதி ஒன்றே என்று வாசகன் எண்ணத் தலைப்படுகிறான். விதியை விரட்டிய பீடத்தில் மனவுறுதி என்னும் புதுத் தெய்வத்தை நாட்டியாயிற்று! ஆசிரியப் பயிற்சி பெற்று வந்த ஒருவரையும், மூன்றாம் வகுப்போடு ஏர் பிடித்துவிட்டு வந்த ஒருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகுமோ?

கதவு திறந்திருந்தது என்றோம். வாயிற்படியின் உயரத்தைச் சொல்லவில்லை. சேர்ந்தவுடன் பரீட்சை வைத்து, தேறாதாரைப் பட்டக் கணக்கில் சேராத ஆயத்த வகுப்புகளில் பருவம் பருவமாக உட்கார வைக்கும் வழக்கம் அம்மாகாணத்தில் நெடுங்காலம் இருந்தது. 2017-ல்தான் அதை ஒடுக்கச் சட்டம் பிறந்தது. இரவு வேலைக்கு மாற்றப்பட்டால் வகுப்பை இழப்பவன், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன், எத்தனை பருவம் காத்திருப்பான்? கட்டணமும் அப்படியே. 2012 முதல் உள்ளூராருக்கு ஓர் அலகுப் பாடத்துக்கு 46 டாலர். வெளியாருக்கோ பல மடங்கு. குடியேற்றப் பத்திரமில்லாதவரும் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம் என 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இரங்கியது. எனினும், மாகாணத்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு படித்திருக்க வேண்டும் என்றது. பத்தொன்பது வயதில் வேலி தாண்டி நேரே வயலில் இறங்கியவன் எந்தப் பள்ளியில் படித்திருப்பான்? முதியோர் பள்ளியிலும் சமூகக் கல்லூரியிலும் கழித்த காலத்தைச் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்திற்கு 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நாட்டு லத்தீன் அமெரிக்கரிடையே பெண்களைவிட ஆண்கள் குறைவாகவே பட்டம் பெறுகின்றனர் என்ற செய்தியை, ஆண்களின் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவோர் இவற்றையும் சற்றே படிப்பாராக.

ஹேவர்டு நகரத்து ஷபோ கல்லூரியில் பெலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும், பாட்ரிஷியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியையும் 1981-ல் ‘புவெந்தே’ என்றொரு திட்டம் தொடங்கினர். ஸ்பானிய மொழியில் அதற்குப் பாலம் என்று பொருள். தம்மவர் எழுதிய நூல்களை மாணவருக்குப் படிக்கக் கொடுத்து, எழுத்துப் பயிற்சி அளித்து, ஆலோசகரையும் வழிகாட்டியையும் உடன் நிறுத்தும் முறை அது. பின்னர் பல கல்லூரிகளுக்கும் பரவியது. அத்தகைய வகுப்புகளில் எழுதித் திருத்தப்பட்டு, யார் வீட்டு மேசையறையிலோ கிடக்கும் கட்டுரைகளில், நாம் தேடும் நூல் இருத்தல் கூடும்; இரண்டு பருவம் படித்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியவன் எழுதியதும் அவற்றுள் ஒன்றாயிருக்கலாம். எந்தப் பதிப்பகத்தாராவது அவற்றை அச்சேற்றுவாராயின், தபால் செலவையும் ஏற்று வாங்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.