குரல் திருத்தமும் குற்றியலுகரமும்

வீட்டில் ஒரு மடிக்கணினியும் சிறு மைக்கும் இருந்துவிட்டால் ஒலிப்பதிவுக் கூடமே அமைந்துவிட்டதாக இன்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் தவறன்று. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் என்னும் இருவர் 1999இல் தொடங்கி, 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் மென்பொருள், முன்னாளில் பெரிய நிலையங்களுக்கே உரியனவாயிருந்த கருவிகளை விலையின்றி வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2020இல் பெருந்தொற்றால் மலேசியப் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களில், செய்யுளையும் பாட்டையும் தம் குரலிலேயே பதிந்து மாணவர்க்கு அனுப்பிய ஆசிரியர் பலர். பதிந்த குரலை அப்படியே அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. சற்று மெருகேற்றியே அனுப்புவர். அம்மெருகு தமிழ் எழுத்தொலிக்கு என்ன செய்கிறது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

இம்மென்பொருள்களுக்கு ஒலி தெரியும், எழுத்துத் தெரியாது. ஒலியின் உரப்பு எவ்வளவு, அதிர்வெண் எவ்வளவு என்பதை அவை நுட்பமாக அளந்துவிடும். எந்த மெல்லொலி இரைச்சல், எந்த மெல்லொலி இலக்கணம் என்று பிரித்தறியும் ஆற்றல் அந்த அளவுகோலுக்கு இல்லை. தமிழிலோ மெல்லொலிகளுக்குக் குறைவில்லை. மெய்யும் குற்றியலுகரமும் ஆய்தமும் அரை மாத்திரையே பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த முறை. கேடு முதலில் வந்து சேர்வது இவ்வரை மாத்திரைக்குத்தான்.

‘நாய்ஸ் கேட்’ எனும் இரைச்சல் வாயிலை எடுத்துக்கொள்வோம். குறித்த அளவுக்குக் கீழே உரப்புத் தாழ்ந்தவுடன் இவ்வாயில் மூடிக்கொள்ளும். சொற்றொடர்களுக்கு இடையே கேட்கும் மின்விசிறி ஓசை மறைந்து பதிவு துப்புரவாகத் தோன்றும். ஆனால் ‘நாடு’, ‘எழுத்து’ என்று முடியும் சொற்களின் ஈற்றுகரம் இயல்பிலேயே தேய்ந்து ஒலிப்பது. வாயிலின் அளவைச் சற்று உயர்த்தி வைத்தால் விசிறியோடு உகரமும் வெளியே தள்ளப்படும். ‘எழுத்து’ என்பது ‘எழுத்’ என்று நிற்கும். கேட்பவர் பாடியவரைக் குறை கூறுவர். பாடியவரோ சரியாகவே பாடியிருப்பார்.

இதற்கு நேர்மாறான பிழை ‘கம்ப்ரசர்’ என்பதால் விளைவது. உரத்த ஒலியைத் தணித்து, பிறகு முழுவதையும் உயர்த்துவது அதன் தொழில். அளவாகப் பயன்படுத்தினால் நன்மையே. மிகுதியாக அழுத்தினாலோ எல்லா அசைகளும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். ‘நாடு’ என்பதன் குற்றியலுகரம் ‘நடு’ என்பதன் முற்றியலுகரம்போல் முன்னே வந்துவிடும். ஆசிரியர் கரும்பலகையில் விளக்கிய வேறுபாட்டை அவரே அனுப்பிய ஒலிப்பதிவு மறுக்கும். இசையின் பொருட்டுப் பாடகர் ஈற்றுகரத்தை நீட்டுவது வேறு. அதற்குக் கருவியைப் பழிக்க வேண்டியதில்லை.

‘நாய்ஸ் ரிடக்சன்’ இன்னும் நுண்ணியது. பேச்சில்லாத இடத்தைத் தெரிந்து காட்டினால், அவ்விரைச்சலின் தன்மையைக் கற்றுக்கொண்டு பதிவு முழுவதிலும் அதனைக் குறைக்கும். ‘பகல்’, ‘அகம்’ என்னும் சொற்களின் இடையே வரும் ககரம் மூச்சொலியாக மெலிகிறது. மூச்சொலியும் இரைச்சலும் ஒலியியல்பால் உறவினர். ஆகவே கடுமையாகக் குறைத்தால் அக்ககரம் தேய்ந்து, குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழறும்.

எதிரொலி சேர்க்கும் ‘ரிவெர்ப்’ மீது வீட்டுக்காரர்க்குத் தனிக் காதல். குளியலறையில் பாடினால் குரல் இனிப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ‘பட்டு’ என்னும் சொல்லில் ஒற்று வரும்போது காற்று அடைபட்டு ஒலி ஒரு கணம் நின்றேவிடுகிறது. அந்த நிறுத்தந்தான் ஒற்று. முன்னெழுத்தின் எதிரொலி அந்த இடைவெளியில் புகுந்து நிரப்பினால், ‘பட்டு’ ‘படு’வை நோக்கி நழுவும். திரையில் அலைக்கோடு படுத்திருப்பதைக் கண்டு வெற்றிடம் என்றெண்ணிக் கத்தரிப்பவரும் உளர். அவர் கத்தரிப்பது வெற்றிடத்தை அன்று, வல்லின ஒற்றை.

சுருதித் திருத்தத்தின் கதை தனி. எண்ணெய் வளம் தேடுவதற்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்து வந்த ஆண்டி ஹில்டபிரண்ட் என்பவர் 1997இல் ஆட்டோடியூனை வெளியிட்டார். மறு ஆண்டு செர் என்னும் பாடகி ‘பிலீவ்’ பாட்டில் அதன் இயந்திரக் குரலை வேண்டுமென்றே ஒலிக்கச் செய்தார். அஃது அவ்விசைக்குப் பொருந்திய அலங்காரம். இக்கருவியோ வழக்கமாக ஒலியைப் பன்னிரண்டு சுரப்படிகளுள் அருகிலுள்ளதன் மேல் ஏற்றி நிறுத்த முயல்வது. தோடியின் காந்தாரம் ஒரு படியில் நிற்பதன்று. அசைந்தாடுவதே அதன் உருவம். திருத்தத்தின் வேகத்தை மிகுத்தால் அசைவு படிக்கட்டாக உடைந்துபோகும். பிழையில்லாத சுரத்தைப் பிழையென்று கருதித் திருத்திய பிழை இது.

சுரம் சிறிது தவறினால் ஓடிவந்து திருத்தும் இதே கருவி, ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று பாடினால் வாய்திறவாது. ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டும் ஒலிக்கூறுகளிற் பெரும்பகுதி சுமார் 1,500 முதல் 3,000 ஹெர்ட்சு வரை அமைவன. ‘ஈக்வலைசர்’ கொண்டு அப்பகுதியை வெட்டினால் உள்ள வேறுபாடும் மங்கும். ஏற்றினாலோ ளகரம் ழகரமாகிவிடாது. அவ்வரியை மீண்டும் பாடுவதன்றி வேறு வழியில்லை.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டிலும் இரைச்சல் இல்லையா, அதைக் கேட்டுத்தானே பாட்டுக் கற்றார்கள் என்று வினவலாம். இருந்தது உண்மை. ஆனால் அவ்விரைச்சல் எழுத்தின் மேல் விழுந்த தூசி; உள்ளே எழுத்து இருந்தது. வாயில் மூடி வெட்டிய உகரத்தை எந்தத் துடைப்பும் மீட்டுத் தாராது. எனவே முதற்பதிவைத் திருத்தாமல் தனியே காத்து வைப்பது இன்றியமையாதது. அறையில் திரைச்சீலையும் துணி அலமாரியும் இருக்கட்டும், மைக் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் நிற்கட்டும், விசிறியை நிறுத்தட்டும். திருத்தத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். உரப்புக் கூடிய இடங்களை ‘என்வலப்’ கொண்டு கையாலேயே தணித்தால் கம்ப்ரசருக்கு வேலை குறையும்.

முடிந்த பதிவைச் சோதிக்க, ஆசிரியர்க்குப் பழகிய முறையே போதும். முன்பின் அறியாத செய்யுள் ஒன்றைப் பதிந்து, திருத்தி, மாணவர்க்குச் சொல்வதெழுதுதலாகக் கொடுக்கலாம். ஒரு மாணவன் பிழைத்தால் அவன் காது. வகுப்பில் பாதிப்பேர் ‘பட்டு’ வர வேண்டிய இடத்தில் ‘படு’ என்றெழுதினால், சிவப்பு மை இட வேண்டியது அவர்கள் ஏட்டில் அன்று.