உமா செய்த வேலை

சன் தொலைக்காட்சியில் ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்திய உமாவை இன்றும் ‘பெப்சி உமா’ என்றே சொல்கிறோம். பெண்ணின் பெயரோடு தந்தை பெயரோ கணவன் பெயரோ ஒட்டிக்கொள்வது நமக்குப் பழக்கம். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின், அந்த இடத்தில் ஒரு குளிர்பானமும் உட்கார முடியும் என்று கண்டோம்.

அவரைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் சேலையிலும் சிரிப்பிலும் நின்றுவிடுகின்றன. எனக்கு அவருடைய வேலையைப் பற்றிப் பேச வேண்டும். நேரலையில் அழைப்பது யார், என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாது. பிறகு வெட்டி ஒட்டவும் வழியில்லை. தயங்குகிறவரைப் பேசவைக்க வேண்டும்; எல்லை மீறுகிறவரைச் சிரித்த முகத்தோடே நகர்த்த வேண்டும்; பாட்டு தொடங்குமுன் பேச்சை முடிக்க வேண்டும். அந்தக் கணத்திலேயே உருவாகும் பிரதி அது. அதை உருவாக்கியவருக்கு நாம் கொடுத்த பெயர் ‘தொகுப்பாளினி’. ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லை வேறொருவருக்கு வைத்துக்கொண்டோம்.

அழைத்த பெண்களும் அந்தப் பிரதியின் ஆசிரியர்களே. எங்கள் பேரையூர் போன்ற ஊர்களில் வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போக வேண்டும். மீட்டர் ஓட ஓடப் பேச வேண்டும். அப்படி லைன் கிடைத்தவரிடம் இத்தகைய நிகழ்ச்சிகள் கேட்டவை: பெயர் என்ன, எந்த ஊர், என்ன செய்கிறீர்கள், பாட்டு யாருக்கு? “சும்மா வீட்லதான் இருக்கேன்” என்பது நம் காதுக்குப் பழகிய பதில். பாட்டும் கணவருக்கு, பிள்ளைகளுக்கு, நாத்தனாருக்கு என்று போய்விடும். அவளுக்கென மிஞ்சியது தன் பெயரையும் ஊரையும் தன் வாயால் சொன்ன சில நொடிகள். வாசலில் உரக்கப் பேசினாலே ‘அடக்கமில்லாதவள்’ என்று பட்டம் கிடைக்கும் ஊரில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தச் ‘சும்மா’வுக்குள் எத்தனை மணிநேர உழைப்பு இருக்கிறது என்று கேட்க அந்த வடிவத்தில் இடமில்லை. நடத்தியவரின் உழைப்பு சிரிப்பாகவும், அழைத்தவரின் உழைப்பு ‘சும்மா’வாகவும் மறைந்தன.

இந்த மறைப்பு இன்றும் தொடர்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபின்னும் கைபேசி நேரலைகள் நிற்கவில்லை. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கின்றன. விளக்கை வைப்பது, கேமராவை நிறுத்துவது, கமெண்டுக்குப் பதில் சொல்வது, வசவுகளை நீக்குவது எல்லாம் ஒரே பெண். ஒரு ஸ்டுடியோவின் வேலையைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் செய்கிறாள். ஊர் அதை ‘போன்ல கூத்தடிக்கிறா’ என்கிறது.

‘ஊடகத்தில் பெண்’ என்று ஆய்வு செய்யும் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். திரையில் பெண் எப்படிக் காட்டப்பட்டாள் என்று நிறைய எழுதிவிட்டோம். அவள் அங்கே என்ன வேலை செய்தாள் என்று எழுதுங்கள். உமாவிலிருந்து தொடங்கலாம். தலைப்பில் பெப்சி வேண்டாம்.