எச்.சி.எல். தொடக்கக் கதை: கொண்டாடப்படும் பிரிவும் மறக்கப்பட்ட பிரிவுகளும்

இந்தியக் கணினித் துறையின் தொடக்க வரலாறு தமிழில் பெரும்பாலும் ஒரே மனிதரின் கதையாகச் சொல்லப்படுகிறது. திருச்செந்தூர் வட்டாரத்தில் மூலைப்பொழி என்ற சிற்றூரில் 1945இல் பிறந்த ஷிவ் நாடார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, டில்லியில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு 1976இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். தன்னம்பிக்கை நூல்களிலும் கல்லூரி விழா மேடைகளிலும் சொல்லப்படும் இந்தக் கதையில் பொய் ஏதும் இல்லை. குறை இருப்பது அதன் வடிவத்தில்தான். எச்.சி.எல்.லின் வரலாறு பல பிரிவுகளால் ஆனது. அவற்றில் முதல் பிரிவைத் துணிச்சல் என்று கொண்டாடும் கதை, பின்னர் வந்தவற்றை ஒற்றை வரியில் கடந்துவிடுகிறது.

முதல் பிரிவு

நாடார் தனியாக வெளியேறவில்லை. டி.சி.எம். குழுமத்தின் மின்னணுப் பிரிவில் பணியாற்றிய அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி, டி.எஸ். புரி, யோகேஷ் வைத்யா, சுபாஷ் அரோரா ஆகியோரும் அவருடன் வந்தார்கள். கணினி செய்யக் கையில் பணம் இல்லாததால், முதலில் மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றார்கள். தொடக்க முதலீடு 1,87,000 ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கணினி தயாரிக்க அன்று அரசு உரிமம் வேண்டும். உத்தரப் பிரதேச மாநில அரசின் நிறுவனம் ஒன்று பங்குதாரராக வந்த பிறகே வழி திறந்தது.

தனிமனித முயற்சியின் கதைக்கு இந்த விவரங்கள் இடைஞ்சலானவை. அரசின் துணை இல்லாமல் அந்த நிறுவனம் இல்லை. கூட வந்தவர்கள் இல்லாமலும் இல்லை. மேலும், அவர்கள் விட்டு வந்த நிறுவனமும் அதே சந்தையில் தொடர்ந்து இயங்கியது. பழைய முதலாளியே புதிய போட்டியாளர் ஆனார். ஆகவே எச்.சி.எல்.லின் பிறப்பே ஒரு போட்டியின் தொடக்கம். இதைச் சங்கடமாகப் பார்க்காத கதை, பின்னால் எச்.சி.எல்.லை விட்டு மற்றவர்கள் வெளியேறியபோது மட்டும் ஏன் மௌனமாகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பொருந்தாத ஒப்பீடு

1978இல் எச்.சி.எல். தன் 8சி என்ற நுண்கணினியைக் கொண்டுவந்தது. இதைப் பற்றிச் சொல்லும்போது, ஆப்பிளுக்குச் சமகாலம், ஐ.பி.எம். தனியாள் கணினிக்கு மூன்றாண்டு முந்தையது என்று பெருமையுடன் சேர்ப்பது வழக்கம். ஆண்டுக் கணக்கு ஏறக்குறையச் சரி. ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது 1977இல்; ஐ.பி.எம். கணினி 1981இல். ஆனால் ஆப்பிள் வீடுகளையும் பள்ளிகளையும் தேடிச் சென்றது. இந்தியாவில் அன்று கணினி வாங்கக்கூடியவை அலுவலகங்களும் ஆய்வு நிலையங்களும்தான். அதோடு, அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பங்கைக் குறைக்க மறுத்த ஐ.பி.எம். 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. உள்நாட்டு நிறுவனங்களுக்கு அது பெரிய இடைவெளியைத் திறந்துவிட்டது. திறமையோடு காலமும் சட்டமும் சேர்ந்து தந்த வெற்றி இது. திறமையை மட்டும் சொல்லும் கதை, படிக்கும் மாணவருக்குப் பாதிப் பாடத்தையே தருகிறது.

பின்னர் வந்த பிரிவுகள்

பிரிவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவில்லை. எச்.சி.எல்.லில் பணியாற்றிய ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் 1981இல் என்.ஐ.ஐ.டி. கணினிப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது எச்.சி.எல். அதற்குத் துணை நின்றது. வெளியேறுபவரைப் போட்டியாளராக்காமல் கூட்டாளியாக்கிய நல்ல எடுத்துக்காட்டு அது.

மல்ஹோத்ரா விலகியது வேறு வகை. 1980களின் இறுதியில் எச்.சி.எல். அமெரிக்காவில் தன் கணினிகளை விற்க முயன்றது. அது கைகூடாமல், அங்கே மென்பொருள் சேவைக்குத் திரும்ப நேர்ந்தது. அமெரிக்கப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய மல்ஹோத்ரா, 1998இல் விலகி டெக்ஸ்பேன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் உடனிருந்தவரின் விலகல் அது.

மூன்றாவது பிரிவு நிறுவனத்துக்குள்ளேயே நடந்தது. ஹியூலட் பேக்கர்டுடன் 1991இல் அமைந்த கூட்டு 1997இல் முடிந்தது. வன்பொருள் எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் ஆகவும், மென்பொருள் எச்.சி.எல். டெக்னாலஜிஸ் ஆகவும் தனித்தனி வழியில் சென்றன. முன்னதை அஜய் சௌத்ரியும் பின்னதை ஷிவ் நாடாரும் வழிநடத்தினார்கள். மென்பொருள் நிறுவனம் நாட்டின் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. கணினி செய்து விற்கும் தொழில் தேய்ந்தது. 1976இல் ஆறு பேரைச் சேர்த்தது இந்தியாவிலேயே கணினி செய்யும் கனவு. வெற்றியாகச் சொல்லப்படும் கதையில் அந்தக் கனவு தோற்றுப்போனது என்ற உண்மை கண்ணில் படுவதே இல்லை.

ஆப்பிளின் கதையும் எச்.சி.எல்.லின் கதையும்

அதே 1976இல் பிறந்த ஆப்பிளின் சண்டைகள் உலகறிந்தவை. மூன்றாவது பங்காளி ரொனால்டு வெய்ன் சில நாட்களிலேயே தன் 10 சதவீதப் பங்கை 800 டாலருக்கு விட்டுக்கொடுத்தது, மெக்கின்டாஷ் குழுவுக்கும் ஆப்பிள் 2 குழுவுக்கும் இடையே எழுந்த பகை, 1985இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நிறுவனத்தை விட்டே வெளியேறியது ஆகியவை நூல்களாகவும் திரைப்படங்களாகவும் வந்துள்ளன. அந்தப் படைப்புகளிலும் நாயக வழிபாடு உண்டு. ஆனால் ஜாப்ஸின் அருகில் வோஸ்னியாக் நிற்கிறார். யார் யோசித்தது, யார் செய்தது, யாருக்குப் பெயர் போனது என்ற கேள்விகளை வாசகர் எழுப்ப முடிகிறது. எச்.சி.எல். கதையைத் தமிழில் படிப்பவருக்கு மல்ஹோத்ராவும் சௌத்ரியும் பெரும்பாலும் பட்டியலில் வரும் பெயர்கள் மட்டுமே.

மதிப்பீடு

பிரிவுகளை எழுதுவது வம்பு பேசுவதாகாது. யாரையும் சிறுமைப்படுத்துவதும் ஆகாது. ஷிவ் நாடாரின் சாதனை அதனால் குறைந்துவிடாது. தந்தையின் பெயரால் அவர் 1996இல் நிறுவிய எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் மதிப்பும் குறையாது. இன்று தமிழகக் கல்லூரிகளில் நண்பர்களாகச் சேர்ந்து நிறுவனம் தொடங்கும் மாணவர்களுக்குத் தேவையானது தொடங்கும் துணிச்சல் மட்டுமல்ல. பங்கை எப்படிப் பிரிப்பது, கருத்து மாறும்போது எப்படிப் பேசுவது, விலகுபவரை எப்படி அனுப்புவது என்பவையும் அவர்களுக்குத் தேவை. எச்.சி.எல். வரலாற்றில் இதற்கெல்லாம் முன்மாதிரிகள் இருக்கின்றன. முதல் வரியில் ஆறு பேரைச் சொல்லிவிட்டு இரண்டாம் வரியிலேயே ஐவரை மறந்துவிடும் கதையால் அவற்றைத் தர முடியாது. தமிழில் இனி எழுதப்படும் வரலாறு, அந்த ஐவரும் எங்கே போனார்கள் என்று தேடிப் போவதிலிருந்து தொடங்கலாம்.